மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்ற தொண்ணூறு நிமிடங்கள்

தற்காலப் பண்பாட்டைப் படிக்கும் துறையில் சேர்ந்த முதல் பருவத்தின் ஐந்தாவது வாரம். கால்பந்துப் போட்டி ஒன்றுக்கு எங்கள் வகுப்பை அழைத்துப் போயிருந்தார் பேராசிரியர். அரங்கின் வாசலில் எல்லோரையும் நிறுத்தி, "யாரும் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க, கூட்டத்தை மட்டும் பாருங்க. கண்ணில பட்டது, காதுல விழுந்தது எல்லாத்தையும் எழுதுங்க" என்றார்.

முதல் பத்து நிமிடம் பெரும்பாடாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது, எதிரே இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து கத்துகிறார்கள், கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது. கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு, நோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மெல்ல மெல்லக் கண் பழகியது. மூன்றாவது வரிசையில் ஆறு வயதுப் பையன் ஒருவன். முன்னால் நின்ற பெரியவர்கள் மறைத்ததால் அவனுக்குப் பந்து தெரியவில்லை. அவன் ஆட்டத்தையே பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் வாய் திறந்ததும் இவனும் குதிப்பான். அரை நொடிதான் பிந்தும். எப்போது மகிழ வேண்டும், எப்போது திட்ட வேண்டும் என்பதை ஒருவன் இன்னொருவன் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வதை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்று இரவு நோட்டைப் புரட்டியபோது இன்னொன்று கிடைத்தது. முதல் பாதியில் சொந்த அணி கோல் வாங்கியதும் ஓர் இளைஞர் சொன்னது: "அவனுங்களுக்குத் தடுக்கவே தெரியல." இரண்டாம் பாதியில் அதே அணி கோல் போட்டதும் அதே இளைஞர் கத்தியது: "நாம அடிச்சிட்டோம்டா!" அதே பதினொரு பேர்தான். அடி வாங்கும்போது 'அவனுங்க', அடிக்கும்போது 'நாம'. இரண்டு வரிகளுக்கும் நடுவே பல பக்கங்கள் இருந்ததால் அரங்கில் நின்றபோது எனக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்த வகுப்பில் இதை வாசித்துக் காட்டினேன். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பேராசிரியர் சொன்னார். அமெரிக்காவில் ஏழு பல்கலைக்கழகங்களில், தங்கள் அணி வென்றதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமைகளில் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடைகளை மாணவர்கள் அதிகமாக அணிந்து வந்ததைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தொலைபேசியில் பேசி, வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' என்கிற சொல் கூடுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஆங்கிலத்தில அதுக்கு ஒரே சொல்தான். தமிழ்ல எத்தனை?"

இரண்டு. நாம், நாங்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள். பிறந்ததிலிருந்து யோசிக்காமல் பேசிய இந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கருவியாகக் கையில் வந்தது. மூன்று வருடப் படிப்பையும் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

தற்காலப் பண்பாட்டை மொழி, சுற்றுலா, விளையாட்டு என்ற மூன்று வழிகளில் படிக்கும் துறை என்னுடையது. சேரும்போது வீட்டில் எல்லோருக்கும் குழப்பம். மொழி என்றால் மொழிபெயர்ப்பாளர், சுற்றுலா என்றால் ஹோட்டல் மேனேஜ்மென்ட், விளையாட்டு என்றால் பி.டி. மாஸ்டர், மூன்றும் சேர்ந்தால் என்ன என்று கேட்டார்கள். எனக்கும் அப்போது பதில் தெரியாது. இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்: விருந்தாளியை எப்படி வரவேற்பது என்று ஹோட்டல் படிப்பு கற்றுத்தருகிறது, யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்பது எப்படித் தீர்மானமாகிறது என்று எங்கள் துறை கேட்கிறது. ஆடக் கற்றுத்தருவது உடற்கல்வி; அந்த ஆட்டத்தைப் பார்க்க இத்தனை பேர் ஏன் திரள்கிறார்கள் என்பது எங்கள் கேள்வி.

பல்கலைக்கழகத்தில் இப்படிக் கேட்பதற்கு இடம் கிடைத்ததே அண்மையில்தான். பண்பாடு என்றால் உயர்ந்த இலக்கியம், ஓவியம், செவ்வியல் இசை என்றிருந்த காலத்தில், பண்பாடு சாதாரணமானது, எல்லோருடைய அன்றாடத்திலும் இருப்பது என்று 1958இல் எழுதினார் பிரிட்டிஷ் விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ். 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையத்தை ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கினார். ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் அவருக்குப் பின் பொறுப்பேற்று, தொலைக்காட்சி, இளைஞர்களின் உடை, செய்தித்தாள் தலைப்பு எல்லாவற்றையும் ஆய்வுப் பொருளாக்கினார். அந்த மையத்தின் வழிவந்த துறையை 2002இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதற்குள் இந்தப் பார்வை உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்படி ஒரு துறையில் சேர நினைப்பவர்களுக்கு என் முதல் யோசனை: பாடத்திட்டத்தை எடுத்து, களப்பணிக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 'கலாச்சாரம்' என்று பெயர் வைத்து மூன்று துறைகளின் அறிமுகப் பாடங்களை ஒட்டவைத்த படிப்புகளும் உண்டு. மூன்றையும் இணைத்து, ஆய்வை எப்படிச் செய்வது என்று கற்றுத்தரும் ஒரு முறையியல் பாடம் முதல் வருடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அது இல்லையென்றால் மூன்று பெட்டிகளைச் சுமந்துகொண்டு வெளியே வருவீர்கள், எதையும் திறக்கத் தெரியாது.

மொழிப் பாடத்தில் என்னை உலுக்கியது மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கில் செய்த களப்பணி. வசதியானவர்கள் போகும் கடை, நடுத்தரக் கடை, மலிவுக் கடை என மூன்று பெரிய கடைகள். எந்தப் பொருள் நான்காவது மாடியில் இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, அது எங்கே என்று ஊழியர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காது கேட்காதவர்போல முன்னால் சாய்ந்து மறுபடி கேட்பார், இன்னும் அழுத்தமாகப் பதில் வரும். அந்த இரண்டு சொற்களிலும் 'ர்' ஒலிக்கிறதா என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். ஓரமாகப் போய்க் குறித்துக்கொள்வார். 264 பேரிடம் பேசினார். கடையின் தரம் உயர உயர 'ர்' கூடியது. 'நீங்கள் எப்படி உச்சரிப்பீர்கள்?' என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை.

இதைப் படித்த பிறகும் என் முதல் நேர்காணலில் ஒரு ரசிகரிடம், "நீங்க ஜெயிச்சா 'நாம'ன்னும் தோத்தா 'அவங்க'ன்னும் சொல்வீங்களா?" என்று நேராகக் கேட்டுவைத்தேன். "சேச்சே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்றார். அந்த நேர்காணல் முழுக்க வீணானது. பேச்சைப் பற்றிக் கேட்டால் ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்றுதான் பதில் வரும். "போன வாரம் மேட்ச் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேண்டிய அத்தனையும் கிடைக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு நேர்காணல்கள் தேவைப்பட்டன.

மொழியை எண்ணுவதும் நினைத்ததைவிடக் கடினம். ஒரு தெருவின் பலகைகளில் எந்தெந்த மொழிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் பயிற்சி உண்டு. லாண்ட்ரி, பூரிஸ் என்ற இருவர் 1997இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதை மொழி நிலக்காட்சி என்று ஒரு தனி ஆய்வுப் பகுதியாகவே வளர்த்திருக்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் ஒரே தெருவில் ஒரே மதியத்தில் எண்ணினோம். நான்கு பேருக்கும் நான்கு கணக்கு வந்தது. இரண்டு மொழியில் எழுதிய பலகை ஒன்றா, இரண்டா? கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் பலகையா? கிழிந்த சுவரொட்டி? இதையெல்லாம் தெருவுக்குப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் மறுபடி போய் முதலிலிருந்து எண்ணினோம்.

சுற்றுலாவுக்கு வருகிறேன். நான் மிகவும் நேசித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

சுற்றுலாப் பயணி யார் என்பதற்கு ஐ.நா. சுற்றுலா அமைப்பின் வரையறை எளிமையானது: தன் வழக்கமான சூழலை விட்டு வேறோர் இடத்துக்குப் போய், ஓர் இரவாவது தங்கி, ஒரு வருடத்துக்குள் திரும்புபவர், அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கப் போகாதவர். இதன்படி கோயிலுக்குப் போகிறவர், சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர், தன் அணியின் ஆட்டத்துக்காக வெளியூர் போய்த் தங்கும் ரசிகர் எல்லோரும் பயணிகள்தான். எல்லை தாண்டிய வருகைகள் 1950இல் சுமார் இரண்டரைக் கோடி, 2019இல் ஏறக்குறைய 146 கோடி. 1841 ஜூலை 5ஆம் தேதி தாமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் ஐந்நூறு பேரை ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக ரயிலில் கூட்டிப்போனதை நவீன கூட்டுப் பயணத்தின் தொடக்கம் என்று பாடத்தில் சொல்வார்கள். குடியை விடச் சொல்லும் கூட்டத்துக்குப் போன ரயிலிலிருந்து இவ்வளவு பெரிய தொழில் கிளைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் எண்களைவிட எனக்குப் பயன்பட்டவை இரண்டு சிந்தனைகள். ஒன்று சமூகவியலாளர் ஜான் அர்ரி 1990இல் எழுதியது: பயணியின் பார்வை இயல்பாக வருவதில்லை, எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கிளம்பும் முன்பே அமைக்கப்பட்டுவிடுகிறது. இன்னொன்று டீன் மக்கெனல் என்ற ஆய்வாளர் 1973இல் சொன்னது. பயணிகளுக்கு மேடையின் முன்பக்கம் போதாது, பின்பக்கத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதனால் பின்பக்கமே அவர்களுக்காக அலங்கரித்து வைக்கப்படுகிறது. விளையாட்டரங்குகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு வீரர்களின் உடைமாற்றும் அறையைக் காட்டுகிறார்களே, வரிசையாக ஜெர்சி மாட்டியிருக்குமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மக்கெனல் நினைவு வரும். ஆட்ட நாளில் அந்த அறை அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

இரண்டாம் வருடத்தில் ஒரு பழைய கோட்டையில் பத்து நாள் களப்பணி. ஒரு வழிகாட்டியிடம் அனுமதி கேட்டு, அவருடைய குழுக்களின் பின்னாலேயே நடந்தேன். காலை எட்டரை மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள். "இது நம்ம கோட்டை. நம்ம ஆளுங்க கட்டினது" என்று தொடங்கினார். பதினோரு மணிக்கு வெளிநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஒரு வேனில் வந்தார்கள். அதே படிக்கட்டு, அதே மதில், அதே கதை. ஆனால், "இது எங்க கோட்டை. எங்க ஆளுங்க கட்டினது" என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே, குழுவில் கைத்தடி ஊன்றி நின்ற ஒரு பாட்டி, "நம்ம கோட்டைன்னு சொல்லுப்பா" என்றார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, சாதாரணமாகச் சொன்னார். வழிகாட்டி ஒரு கணம் நின்று, "நம்ம கோட்டைதான் பாட்டி" என்றார். அதற்கப்புறம் அந்தச் சுற்று முடியும்வரை ஒருமுறைகூட 'எங்க' வரவில்லை. நான் எண்ணினேன்.

அன்று மாலை மதில்மேல் உட்கார்ந்து எழுதியபோது எனக்குக் கை நடுங்கியது. விருந்தாளி, வீட்டுக்காரர் என்று புத்தகங்களில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்த எல்லை, ஒரு பாட்டி சொன்ன மூன்று சொற்களில் என் கண் முன்னாலேயே நகர்ந்துவிட்டது. இதற்காகத்தான் இந்தப் படிப்பு என்று தோன்றியது.

குறிப்பு எடுப்பது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: பார்த்தது, கேட்டது, எனக்குத் தோன்றியது. மூன்றாவதை முதல் இரண்டோடு கலக்கவே கூடாது. 'பாட்டி வருத்தத்தோடு சொன்னார்' என்று எழுதியிருந்தால் அது என் ஊகம். 'கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்' என்பது பார்த்தது. அப்புறம், அன்றைய குறிப்பை அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும். தூங்கி எழுந்தால் சொற்கள் போய்விடும், சாரம் மட்டும் மிஞ்சும். 'நம்ம'வா 'எங்க'வா என்பதை ஆராய்கிறவருக்குச் சாரத்தால் ஒரு பயனும் இல்லை. ஒலிப்பதிவு செய்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது.

விளையாட்டுப் பாடத்தில் சேர்ந்தபோது இதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஜூடோ வகுப்பில் அது மாறியது. ஜிகோரோ கானோ 1882இல் ஜப்பானில் உருவாக்கிய இந்த விளையாட்டு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. உலகில் எங்கே போட்டி நடந்தாலும் நடுவர் 'ஹஜிமே' என்றால் தொடங்க வேண்டும், 'மாத்தே' என்றால் நிறுத்த வேண்டும், முழு வெற்றி 'இப்போன்'. வாள்வீச்சில் அந்த இடம் பிரெஞ்சுக்கு. ஆட்டம் பயணம் செய்யும்போது எந்த மொழி கூடப் போகிறது, எந்த மொழி எல்லையிலேயே நின்றுவிடுகிறது என்று பார்த்தால் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற வரலாறு வெளியே வரும். 'சாக்கர்' என்ற சொல்லை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதிலிருந்து பிரிட்டிஷ் மாணவர்கள் சுருக்கிய கொச்சைச் சொல்.

டிரினிடாட்டைச் சேர்ந்த எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸைப் படித்ததும் அப்போதுதான். வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் அணியில் எத்தனையோ கறுப்பின வீரர்கள் ஆடினாலும் தலைமை வெள்ளையர்களிடமே இருந்து வந்தது. கறுப்பின வீரர் ஜார்ஜ் ஹெட்லி 1948இல் ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைமை தாங்கியதோடு சரி. ஃபிராங்க் வொரெலைத் தலைவராக்க வேண்டும் என்று ஜேம்ஸ் தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். 1960-61 ஆஸ்திரேலியத் தொடருக்கு வொரெல் தலைவரானார், முழுத் தொடருக்கும் தலைமை தாங்கிய முதல் கறுப்பர். 'நம்ம டீம்' என்று ஒரு தீவு மக்கள் எந்த நாளிலிருந்து மனதாரச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால், அது ஸ்கோர் அட்டையில் கிடைக்கிற பதில் இல்லை.

கட்டாயப் பாடமாக ஒரு வேற்றுமொழி எடுக்க வேண்டும். ஜூடோவின் தாக்கத்தில் ஜப்பானிய மொழி எடுத்தேன். ஜப்பானியர் வெளியாரிடம் பேசும்போது சொந்த நிறுவனத்தின் மேலதிகாரியைக்கூட மரியாதை விகுதி இல்லாமல்தான் குறிப்பிடுவார்கள். உள், வெளி என்ற பிரிப்பு அங்கே மரியாதைச் சொற்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் அது நாம், நாங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு மொழியை இந்த இடம்வரை படித்தால்தான் தன் மொழியில் பழகிப்போனது மறுபடி கண்ணில் படும். சான்றிதழுக்காக அறிமுக வகுப்போடு நிறுத்திவிட்ட நண்பர்களுக்கு இது கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நான் செய்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். ஒரு ரசிகர் குழுவோடு சில வாரம் பழகினேன். மாணவர் என்று சொல்லியிருந்தேன், ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் குறித்துக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொல்லவில்லை. வகுப்பில் வாசித்த கட்டுரையில், பெயர் இல்லாவிட்டாலும், ஒருவரை அடையாளம் காணும்படி அவருடைய குடும்பச் சண்டை வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவர் அவருடைய உறவினர். செய்தி போய்ச் சேர்ந்தது. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நம்ம பிள்ளைன்னு நெனச்சுதானே பேசினோம்" என்றார் அவர். என் ஆய்வுச் சொல்லே என் எதிரே வந்து நின்றது. அந்தப் பக்கங்களை அவர் முன்னாலேயே கிழித்தேன். அதற்குப் பிறகு, என்ன எழுதுகிறேன், யார் படிப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை ஒரு தாளில் எளிய தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்காமல் நோட்டைத் திறந்ததில்லை. பழக்கம் நெருங்க நெருங்க மறுபடியும் கேட்க வேண்டும். முதல் நாள் வாங்கிய சம்மதம் முப்பதாவது நாள் பேச்சுக்குச் செல்லாது.

இறுதியாண்டு ஆய்வுக்கு முதலில் நான் வைத்த தலைப்பு 'உலகமயமாக்கலும் பண்பாட்டு அடையாளமும்'. ஆய்வை மேற்பார்வையிட்ட மேடம் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு நாற்பது வருஷம் ஆகும். உன்கிட்ட நாலு மாசம்தான் இருக்கு" என்றார். குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு வழிகாட்டி, ஒரு கோட்டை, முப்பது சுற்றுகள், 'நம்ம', 'எங்க' என்ற இரண்டு சொற்கள் என்று நின்றது. தலைப்பு சின்னதாக ஆக ஆக எழுத விஷயம் கூடியது. குழுவில் குழந்தைகள் இருந்தால், மழை பெய்தால், கதையில் போர் வந்தால், தோல்வி வந்தால் எந்தச் சொல் வருகிறது என்று ஒவ்வொன்றையும் பார்க்க முடிந்தது. தோல்விக் கதைகளில் அவர் இரண்டையும் விட்டுவிட்டு 'அந்தக் காலத்து ஆளுங்க' என்றார்.

படித்து முடித்துவிட்டு என்ன வேலை என்று இன்றும் கேட்கிறார்கள். என்னோடு படித்தவர்களில் ஒருவர் விளையாட்டுச் செய்தி எழுதுகிறார், ஒருவர் பயண நிறுவனம் ஒன்றில் பயணத் திட்டங்கள் வகுக்கிறார், இருவர் ஆசிரியர்கள். எனக்கு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது, அந்த எட்டு மாதமும் கஷ்டமாகத்தான் இருந்தது. நேர்முகத் தேர்வில் பட்டத்தின் பெயர் யாருக்கும் புரியவில்லை. கோட்டைக் குறிப்பேட்டையும் அதிலிருந்து எழுதிய நான்கு பக்கச் சுருக்கத்தையும் கொண்டுபோகத் தொடங்கிய பிறகுதான் பேச்சு நீண்டது. படிக்கும்போதே அப்படி ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கான பலகைகளும் ஒலி வழிகாட்டி உரைகளும் எழுதுகிறேன். போன மாதம் ஒரு பலகையின் முதல் வரியில் 'நமது' போடுவதா, 'எங்கள்' போடுவதா என்று குழுவில் அரை நாள் விவாதம். இரண்டையும் தாளில் அச்சிட்டு ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் இன்னொன்று என்று ஒட்டிப் பார்க்கச் சம்மதித்தார்கள். கூடத்தின் வாசலிலும் பலகைக்குப் பக்கத்திலும் 'இங்கே பார்வையாளர்களைக் கவனித்துக் குறிப்பு எடுக்கிறோம்' என்று அறிவிப்பு வைத்திருக்கிறோம். காட்சிப் பெட்டிக்கு முதுகைக் காட்டி, நோட்டோடு நிற்கிறேன். 'நமது' ஒட்டிய வாரம் நேற்று முடிந்தது. நாளைக் காலை 'எங்கள்'.